வாளை ஏந்தி வந்தவர்

ஜமீன்தார் தன் கல்யாணத்துக்குப் போவதில்லை. அவருடைய வாள் போகும், பெண் அதற்கு மாலையிடுவாள். அந்தச் சீமையில் அதுதான் வழக்கம். சிரித்தே பெண்களை மயக்கிய ஜமீன்தார் மருதப்பத்துரைக்கோ, யாருக்கும் அடங்காதவள் என்று பேரெடுத்த மணப்பெண் வடிவுநாச்சியாரைப் பார்த்தே தீரவேண்டும் என்றிருந்தது. வேலைக்காரன் வேஷத்தில் தன் வாளைத் தானே ஏந்திக்கொண்டு மணவறையில் நின்றார்.

மாலையோடு வந்தவள் அவர் விரல்களையே பார்த்தாள்.

“விரலெல்லாம் மோதிரத் தடமா இருக்கே. கழட்டி வச்சிட்டு வந்தீகளாக்கும்?”

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“இரும்புக்கு நான் மாலை போட மாட்டேன். கீழ வையிங்க. பெறகு யோசிக்கிறேன்.”

மேளம் நின்றுவிட்டது. அவர் வாளைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.