சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர்

நகராட்சி மண்டபத்தில் மூன்று படங்களை மாட்டியிருந்தார்கள்: இசை நீரூற்று, செல்ஃபி மேடை, கடற்கரைக்கு அலங்கார விளக்கு. ஊரின் ஐந்தாண்டு இலக்கை மக்களே ஸ்டிக்கர் ஒட்டித் தேர்ந்தெடுக்கலாம்.

மீனவர் காலனி பிரகாசியின் வீட்டுக்குள் மூன்று மாதமாகச் சாக்கடைத் தண்ணீர். குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை. தன் ஸ்டிக்கரை அவள் வெறும் சுவரில் ஒட்டினாள்.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"எங்க சாக்கடை, சார். நீங்கதான் படம் போட மறந்துட்டீங்க."

அவர் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்து நீரூற்றின்மேல் ஒட்டினார்.

"இதுவும் தண்ணிதானேம்மா!"

கூட்டம் சிரித்தது. எண்ணிப் பார்த்தபோது, ஒரே ஒரு ஸ்டிக்கர் வித்தியாசத்தில் நீரூற்று ஜெயித்திருந்தது.

"உங்களாலதாம்மா!" என்று அதிகாரி கைகுலுக்கக் கை நீட்டினார்.

பிரகாசியின் வாயில் எச்சில் திரண்டது. விழுங்குவதா துப்புவதா என்று அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள்.