கலவைக்கு என்ன நம்பர்?

"இது வெறும் கலவை மேடம். ஃப்ரிட்ஜுக்கு ஏத்தற கேஸ். பேப்பர்ல போட்ட சரக்கு வகை நம்பர்லயே விட்டுடுங்களேன்."

சுங்க அலுவலகத்தில் அந்த ஏஜென்ட்டுக்கு விலாங்கு என்று பெயர். எந்தக் கேள்விக்கும் பிடி கொடுக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். சரக்கைச் சோதிக்கிற அதிகாரியான அவளுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"கலவையில என்ன கலந்திருக்குன்னுதானே கேக்கறேன்? ஓசோனை ஓட்டை போடற கேஸ் துளி இருந்தாலும் நம்பர் மாறும். அதுக்குத் தனி அனுமதி வேணும்."

"டெஸ்ட் ரிசல்ட் வெச்சிருக்கேனே மேடம்."

"நீங்க எடுத்துக் குடுத்த சிலிண்டர்ல நல்ல கேஸ்தான் இருக்கும். நாளைக்கு நான் ஒண்ணு எடுக்கறேன். கன்டெய்னர் பெட்டியத் திறக்கணும்."

விலாங்கின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் காலை மேலதிகாரி கூப்பிட்டார். நரைத்த தலை, அதிர்ந்து பேசாத வாய். அலுவலகமே அவரைப் பெரியப்பா என்றுதான் சொல்லும். இவளுக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனவர்.

"யார் என்ன சொன்னாலும் விட்டுக் குடுக்காதம்மா. ஆனா வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துடாத. ஏமாத்தறவன் பின்னாலதான் ஒளிச்சு வெப்பான். கடைசி வரிசை, அடி அடுக்கு. கூட யாரையும் கூட்டிட்டுப் போகாத, விஷயம் வெளிய கசிஞ்சுடும்."

'இவரை மாதிரி நாலு பேர் இருந்தால் போதும்' என்று நினைத்துக்கொண்டே சரக்கு முற்றத்துக்கு நடந்தாள்.

பூட்டை உடைத்துக் கொடுத்த ஆள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். இரும்புக் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே சில்லென்று இருந்தது. ஒரு வாசனையும் இல்லை. டார்ச்சை அடித்தாள். தரையில் ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் ஒரு எலி, ஓடின வாக்கிலேயே.

மருந்து வைத்திருப்பார்கள் என்று தாண்டிப் போனாள்.

இருட்டுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். யாரோ காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

கடைசி வரிசையில் சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. அடியில் கிடந்த ஒன்றின் கழுத்தில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. லேபிளைப் படிக்க நன்றாகக் குனிந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது.

"யாரு?" என்றாள்.

கேட்டது ஓர் ஆணின் குரல். தடித்த, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"யாருய்யா உள்ள?"

மறுபடியும் அதே குரல். அவள் சொன்ன அதே வார்த்தை. அவள் உதடு அசைந்தபோது அதுவும் பேசியது. அவள் நிறுத்தியபோது அதுவும் நிறுத்தியது. அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று புரிவதற்குள் கால் துவண்டது. விழுவதுகூடச் சுகமாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது.

கத்த வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. சிலிண்டரில் முழங்கை இடித்தது. தரையோடு தரையாக யாரோ அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். கண்ணில் வெயில் அடித்தது.

காவலர்கள் ஓடி வந்தபோது அவள் வாசலில் கிடந்தாள். அவள் முடி விலாங்கின் கையில் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் அடியிலேயே அவருக்கு உதடு கிழிந்தது.

பெரியப்பா பதறிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"பொம்பளை மேலயே கை வெச்சுட்டானா? கொண்டுபோய் அடைங்க இவனை. எது சொன்னாலும் காதுல வாங்காதீங்க."

உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு போய் வந்த விலாங்குக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"இறக்கும்போதே பெட்டி அடி வாங்கிடுச்சு மேடம். உள்ள எல்லாம் கசியுது, மூச்சு விடக் காத்தே கிடையாது. காத்தைவிடக் கனமான கேஸ், இழுத்தா பொம்பளைக் குரலும் ஆம்பளைக் குரலாத் தடிச்சுடும். நீங்க சந்தேகப்பட்ட கேஸ்தான் அது. நம்பரை மாத்திப் போட்டது நான்தான், பங்கு வாங்கினது உங்க பெரியப்பா. என்னை ஜெயில்ல போடுங்க. ஆனா..." ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள போனா ஆள் பிழைக்காதுன்னு காலையில முதல் வேலையா இவர்கிட்ட வந்து சொன்னேனே! அந்தப் பொண்ணை அந்தப் பக்கமே விடமாட்டேன்னாரே! உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

பெரியப்பா அவள் தலையை வருடிக்கொண்டே இருந்தார்.