மூன்று இன்ச் நீலம்

“மூணு இன்ச் கம்மி” என்றார் நகராட்சி ஓவர்சியர்.

டெய்லரக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த பிளாஸ்டிக் குழாய் ஆடி, அதிலிருந்த தண்ணீர் கொஞ்சம் அவள் காலில் கொட்டியது.

குழாயின் ஒரு நுனி அவள் கையில், புது வீட்டின் வாசற்படியில். மறு நுனி ஓவர்சியர் கையில், மூன்று வீடு தள்ளித் தெருமுனைத் தூணில். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதனிடம் கெஞ்சவும் முடியாது, சிபாரிசுக்கு ஆள் பிடிக்கவும் முடியாது.

அந்தத் தூணில் ஒரு நீலக் கோடு உண்டு. பெரிய வெள்ளத்தில் தண்ணீர் இதுவரை ஏறியது என்று நகராட்சி போட்ட அடையாளம். தெருவில் யார் வீடு கட்டினாலும் தரை அந்தக் கோட்டின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். இருந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் கரண்ட். கரண்ட் இல்லையென்றால் அவளுடைய மூன்று மோட்டார் தையல் மிஷினும் வெறும் மேஜைதான்.

மிஷின்கள் மினிவேனில் ஏறி வாசலில் நின்றன. வாடகைக் கடையின் சாவியைக் காலையிலேயே கொடுத்தாயிற்று. அங்கே வேறொருவர் சைக்கிள் பஞ்சர் கடை வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள். இருநூறு சீருடைகள் வெட்டிய துணியாகவே மூட்டையில் கிடந்தன.

கம்மியாக இருக்க வழியே இல்லை. அஸ்திவாரம் போட்ட அன்று கொத்தனாரை நம்பாமல் தன் இன்ச் டேப்பாலேயே அளந்தவள் அவள். பதினெட்டரை இன்ச். பதினெட்டு அரசாங்கத்துக்கு, அரை இன்ச் தையலுக்கு விட்டது. வாசலுக்கு ஏழு படி வைக்க வேண்டி வந்தது. மேடை போட்டு யாருக்குப் பாராட்டு விழா என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், இன்னொரு தரம் பாருங்க சார். நான் அளந்தா தப்பாது.”

ஓவர்சியர் இன்னொரு தரம் பார்த்தார். தண்ணீர் அதே இடத்தில் நின்றது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆதரவுக்குக் கணவரைத் தேடினாள்.

மனிதர் மினிவேனில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டு எழுதும் பெயிண்டர். காது மடலில் நீலம் ஒட்டியிருந்தது. அவர் உடம்பில் ஒரு கலரும் இல்லாத நாள்தான் அவளுக்கு அதிசயம். டீக்கடையில் உட்கார்ந்தால் ஊர் நியாயம் எல்லாம் பேசுகிறவர், இன்று பார்த்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் புதுக்கடைக்காக அவர் எழுதிய போர்டு. மூலையில் வழக்கம்போல் பொடி எழுத்தில் அவருடைய போன் நம்பர். எதை எழுதினாலும் அதைப் போடாமல் அவர் கை பிரஷ்ஷைக் கீழே வைக்காது.

நேற்று முழுக்க அவள் இவரிடம்தான் புலம்பினாள். கோடு மங்கிக் கிடக்கிறதே, கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஓவர்சியர் அளக்காமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது? ராத்திரி சாப்பாடுகூட இறங்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், வாசலிலிருந்தே கோடு பளிச்சென்று தெரிந்தது. நகராட்சிக்குக்கூட நல்ல புத்தி வந்துவிட்டதே என்று மனசார வாழ்த்தினாள்.

இப்போது அந்த வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

ஓவர்சியர் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நீலமாகத் திரும்பி வந்தது.

“இது எங்க ஆபீஸ் போட்ட கோடு இல்லம்மா. எங்க ஆளுங்க இவ்வளவு நேரா போட மாட்டாங்க.”

தெருவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஓவர்சியர் சிரிக்கவில்லை. பழைய கோடு கட்டைவிரல் அகலம்தான், யாரோ அதன்மேல் ஒரு சாண் அகலத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்று சத்தமாகச் சொன்னார். போட்டவரே வந்து, ஈரம் காய்வதற்குள் துடைத்துக் கொடுத்தால் இப்போதே அளந்து கையெழுத்துப் போடுவாராம். ஆள் யாரென்று தெரியாவிட்டால் மேலே எழுத வேண்டும். பதில் வர மூன்று மாதம்.

மூன்று மாதம்! டெய்லரக்கா எதிர்வீட்டுக்காரரை முறைத்தாள். மேடை, பாராட்டு விழா என்று பேசிய வாய்தானே அது. அவர் பாவம், தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

பெயிண்டர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஓவர்சியர் தூணைச் சுற்றி வந்தார். அடியில் வளர்ந்திருந்த புல்லைக் காலால் ஒதுக்கினார். பிறகு குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தூணின் கீழ்மூலையில் எதையோ எழுத்துக்கூட்டிப் படித்தார். போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

மினிவேன் பக்கம் ஒரு சட்டைப் பையில் மணி அடித்தது.

டெய்லரக்கா அந்தப் பையைப் பார்த்தாள், அந்தக் காதைப் பார்த்தாள். கோபம்தான் முதலில் வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் சிரிப்பாகிவிட்டது. குழாயைப் படியில் போட்டுவிட்டு மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுக்க உள்ளே ஓடினாள்.

பெயிண்டர் தெரியாத நம்பரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனார்.

“வணக்கம், சொல்லுங்க சார்” என்றார், மூன்று வீடு தள்ளிக் குந்தியிருந்தவரிடம் போனில். “நம்ம வேலையை எங்க பாத்தீங்க?”