எண்பதா, எண்ணூறா

"கையும் களவுமாப் பிடிச்சுட்டேன் சார்." சூப்பர்வைசர் ஜெகதீஷ் ஒரு மார்க்கர் பேனாவை முதலாளி ஸ்ரீராமின் மேஜைமேல் வைத்தான். கூடவே ஒரு பெட்டி மிக்சர் பாக்கெட். பின்னால் பேக்கிங் நாகம்மா, வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஸ்ரீராமின் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியதே அந்தப் பாக்கெட்டின் புது டிசைன்தான். முன்பக்கம் பூசணிக்காய் அளவுக்கு '80 கலோரி மட்டுமே'. அது பதினைந்து கிராமுக்கு, பாக்கெட்டில் இருப்பதோ நூற்றைம்பது கிராம் என்கிற விஷயம் பின்பக்கம் எறும்பு சைஸில் இருக்கும். எந்த மகராசன் திருப்பிப் பார்க்கப் போகிறான்?

நாகம்மா பார்த்துவிட்டாள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 80-ஐ அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் 800 என்று எழுதியிருந்தாள்.

"இந்த மாதிரி எத்தனை பெட்டி வெளியே போயிருக்கு?"

"இதான் சார் மொதல் பெட்டி. கடை பேருகூட இன்னும் ஒட்டல" என்றான் ஜெகதீஷ்.

ஸ்ரீராமுக்கு மூச்சு வாங்கியது. "எந்தக் கம்பெனிக்காரன் உன்னை ஏவி விட்டான்? டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதுலேர்ந்து நானே ராத்திரி டிபனை விட்டுட்டு இதுதான் ஒரு பாக்கெட் சாப்பிடறேன். வெறும் எண்பது. அதைப் போய் எண்ணூறுங்கறே?"

"பத்துப் பதினஞ்சு நூத்தம்பது சார். பத்து எம்பது எண்ணூறு. நான் எட்டாவது வரிக்கும் படிச்சிக்கீறேன். தப்பா இருந்தா சொல்லுங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே கோபம் தலைக்கேறியது.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு. இல்லேன்னா இன்னியோட உனக்கு இங்க வேலை இல்லை."

ஆறு வருஷ வேலை. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். ஆனாலும் நாகம்மா குனியவில்லை.

"நெஜத்த எழுதிட்டு மன்னிப்புக் கேக்க எனக்குத் தெரியாது சார்."

"சரி, யார் எழுதச் சொன்னா? அதையாவது சொல்லிட்டுப் போ."

"வாணாம் சார். சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்கென்ன சங்கடம்?" மேஜையைத் தட்டினார் ஸ்ரீராம். "எந்தக் கடைக்குப் போற பெட்டி இது? அந்தக் கடைக்காரனுக்கும் இன்னியோட சரக்குக் கிடையாது."

நாகம்மா தொப்பியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"கடைக்கு இல்ல சார், உங்க ஊட்டுக்கு. மேடம்தான் எழுதி அனுப்பச் சொன்னாங்க."