கோடு விலகினால்

துரு இளக்கும் எண்ணெய் சின்னவளின் மணிக்கட்டில் வழிந்து, முழங்கை தாண்டி, அக்குள் வரைக்கும் இறங்கிவிட்டது.

போல்ட் அசையவில்லை.

ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கிப் பார்த்தாயிற்று. சுத்தியலால் தட்டிப் பார்த்தாயிற்று. கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தாயிற்று. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்ததில் ஒரு போல்ட்டைக்கூட எவனும் அவள் கையில் கொடுத்ததில்லை.

இந்த ஒன்று வந்தால்தான், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாமல் செத்துப்போன ஆல்டர்னேட்டரை அக்கா காரிலிருந்து கழற்ற முடியும். புதியது காலடியில் கிடந்தது. பஸ்ஸில் நாலு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தது.

பக்கத்தில் அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷ மெக்கானிக். எந்த போல்ட்டை முறுக்கி முடித்தாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். கோடு விலகினால் வேறு எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அம்மாவின் சிவப்புப் பாட்டில்களெல்லாம் அப்படித்தான் தீர்ந்தன.

போன வாரம் இந்த வண்டியைப் பார்த்தவரும் அவர்தான். துரு தின்றுவிட்டது, ஸ்பேனரே வைக்க முடியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

காருக்குள் அக்கா. இடது மணிக்கட்டில் கட்டு. படியில் விழுந்தாளாம். ஒரே வருஷத்தில் மூன்றாவது படி.

போன வாரமும் இப்படித்தான் தையல் மிஷினை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் பேட்டரி இறங்கி வண்டி நின்றது. புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போனான். கட்டு அதற்கப்புறம்தான்.

ஆறு மணிக்கு அவனுக்கு ஷிப்ட் முடியும். இப்போது நாலே முக்கால்.

பின் சீட்டிலிருந்து அக்கா மகள் இரண்டு காலையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சித்தி பார், சித்தி பார் என்று உயிரை எடுத்தாள். பத்து நகத்திலும் வயலட். வண்டி பார்க்க வந்த அன்றைக்குத் தாத்தா பூசிவிட்டாராம்.

"விடும்மா, இது வராது," என்றார் அப்பா. "மாப்பிள்ளை வரட்டும், நான் பேசிக்கிறேன். குடும்பம்னா நாலும் இருக்கும்."

போன வாரமும் பேசினார். பேசிவிட்டு, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தார்.

சின்னவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். சூடு காட்டுவோம் என்று கேஸ் டார்ச்சை எடுத்தாள். நெருப்பு வேண்டாம், பெட்ரோல் வண்டி என்று அப்பா பதறினார். நாற்பது வண்டிக்கு இதே மாதிரி சூடு காட்டியவர்.

முதலில் எண்ணெயைத் துடைக்க வேண்டும். அப்பாவின் தோளில் கிடந்த துணியை உருவிக் குனிந்தாள்.

டார்ச் வெளிச்சம் நழுவியது. ரேடியேட்டர் மேல், பெல்ட் மேல், அவள் கை மேல். போல்ட்டைத் தவிர எல்லாவற்றின் மேலும்.

தடவித் தடவித் துடைத்தாள். கிரீஸ் கெட்டியாக அப்பியிருந்தது. அதன் அடியில், போல்ட்டின் ஓரத்தில் காய்ந்த பிசின்.

துரு இல்லை. மரையில் பசையைத் தடவி இறுக்கியிருக்கிறான் எவனோ.

அக்கா புருஷனின் முகம் கண்ணில் வந்தது. ஆனால் அந்த ஆளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள்.

போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை, கை நடுங்காமல் இழுத்த ஒரு வயலட் கோடு.

துணியைக் கீழே போட்டாள். கையைத் தன் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டாள். ஒரு முறை போதவில்லை. மறுபடி துடைத்தாள்.

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டார்ச்ச நேராப் பிடிப்பா."

தீயைப் பற்ற வைத்தாள். வயலட் பொரிந்து கருகியது. ஸ்பேனரை மாட்டி, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் சாய்த்தாள்.

கோடு விலகியது.