தவளைகளுக்குப் போக மீதி

எங்கள் ஊர் சாந்தா ருமால்தாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. ஆண்டிஸ் மலைக் காற்றுதான் விசில் அடித்துக்கொண்டு வரும். பழைய குழாயை எடுத்துவிட்டு மேல் ஓடையிலிருந்து புதுக் குழாய் போட வேண்டும். அதற்குச் சுற்றுச்சூழல் அதிகாரி யாமிலெத் சம்மதிக்க வேண்டும்.

ஊர்த் தண்ணீர்க் குழுவின் தலைவன் நான் சும்மா இருப்பேனா? வாழைக்காய் உருண்டையை வயிறு முட்டக் கொடுத்து, அவரை மலையடிக் குளத்துக்கு அழைத்துப் போனேன். பசுமையைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போடட்டுமே!

குளம் நிறைய, தோல் வழியே குடல் தெரியும் கண்ணாடித் தவளைகள், கோடிக்கு ஒன்று குறையாது. ஆர்க்கிட் பூ ஒவ்வொன்றும் என் தொப்பி அளவு.

"அடடா, சொர்க்கம்!" அதிகாரி சேற்றிலேயே மண்டியிட்டார். "தலைவரே, இங்க ஒரு சொட்டு தண்ணி கொறையக் கூடாது."

"கொறையவே கொறையாது அதிகாரியம்மா! நாங்க எடுக்கப்போறது மேல ஓடையிலேர்ந்து."

"அப்ப இந்தக் குளத்துக்கு எங்கேர்ந்து தண்ணி வருது?"

நான் மேகத்தை ரசித்தேன். குழாய் பழுது பார்க்கும் எவாரிஸ்தோ முந்திக்கொண்டான்.

"பழைய குழாய் இங்கதாங்க ஓட்டை. ஊருக்கு வர்ற தண்ணியெல்லாம் இதுல ஒழுகிடுது. அதனாலதானே புதுசு கேக்குறோம்!"

"வாயை மூடித் தொலைடா!"

"பேசினது பேசினதுதான் தலைவரே," என்று சிரித்தபடி அதிகாரி எழுதத் தொடங்கினார்.

புதுக் குழாய் வந்துவிட்டது. குளத்தங்கரையில், பழையது ஒழுகிய அதே இடத்தில், அதே அளவுக்கு, அரசு உத்தரவுப்படி ஓர் ஓட்டை.

ரிப்பன் வெட்டி அந்த ஓட்டையைத் திறந்துவைத்தவன் நான்தான்.