ஸ்டேஷனை மூடியவர்

"அப்பா என்ன வேலை பார்த்தார்?"

வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதும், வாடகைக்கு வீடு கேட்டு வந்த புது நர்ஸ் அவசரமாகச் சொன்னாள்.

"சர்க்கார் உத்தியோகம்மா. ரிட்டயர் ஆயிட்டார்."

எந்த உத்தியோகம் என்பதை விழுங்கிவிட்டாள். எதிரே பாழடைந்து கிடக்கும் ரயில்வே ஸ்டேஷனின் கடைசி மாஸ்டர் அவர் என்று தெரிந்தால், சாவி கைக்கு வராது. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஊரிலேயே காலியாக இருப்பது இந்த ஒரு வீடுதான்.

வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்தாள். டிக்கெட் கவுண்டருக்குள் செடி முளைத்திருந்தது.

"எப்படி இருந்த ஸ்டேஷன் தெரியுமா? என் வீட்டுக்காரர் தினமும் இங்கேருந்துதான் மில்லுக்குப் போவார். கடைசியா ஒரு மாஸ்டர் வந்தான் பாரு, கட்டையில போறவன்! ஜனங்க ஏறுறதே இல்லன்னு மேலிடத்துக்குப் பொய்யா எழுதிட்டான். ரயிலை நிறுத்தி ஸ்டேஷனை மூட வந்தவங்களே சொன்னாங்க. அப்புறம் கவனிக்க ஆளில்லாம, அந்த வருஷ மழையிலயே ஆத்து ரயில் பாலமும் விழுந்துச்சு. இவருக்கு சைக்கிள் மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பது நர்ஸுக்கும் தெரியாது. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

வெளியே பார்த்தவளுக்குப் பகீரென்றது. ஆட்டோவை விட்டு இறங்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அப்பாவோ பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறார்!

"யாரது?" வீட்டுக்கார அம்மா கண்ணைச் சுருக்கினாள். விறுவிறுவென்று போய் அவர் எதிரில் நின்றாள். "நீங்க... அந்த மாஸ்டர்தானே?"

போச்சு. வீடு போச்சு. நர்ஸ் பின்னாலேயே ஓடினாள்.

"ஆமாம்மா."

சாவி இடுப்புக்குப் போய்விட்டது. "ஊரையே முடமாக்கிட்டு, எந்த முகத்தோட இங்க வந்தீங்க?"

அப்பா ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "பாலத்துத் தூண்ல விரிசல் விட்டிருந்துச்சும்மா. ரயில் ஓடிட்டிருந்தா, ஜனங்களோடதான் விழுந்திருக்கும்."

வீட்டுக்கார அம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். உள்ளே அவள் கணவர் இருமுவது கேட்டது. சாவியை எடுத்து நர்ஸின் கையில் திணித்தாள்.

"அட கடவுளே! விரிசல்னே எழுதியிருக்கலாமே. எதுக்குப் பொய் எழுதி ஊர்ச் சாபத்தை வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"எழுதாம இருப்பேனா? உயிர் போயிடும்னு எத்தனையோ தடவை எழுதினேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. நஷ்டம்னு ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். மறு வாரமே மூடிட்டாங்க!"